ஓடைக்கு ஒரு வாசல் கட்டியதும், பிரித்ததும், மறுபடி கட்டியதும்

நேற்று ராத்திரி பேய்மழை. விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்க்க ஓடினேன். வீட்டு வாசலை இல்லை, ஓடைக்கரை நடைத்தடத்துக்கு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கட்டிய வாசலை. கல் பரப்பிய பள்ளத்தில் ஒரு கல்கூடப் புரளவில்லை. மூன்று குழிகளில் இரண்டு வற்றியிருந்தன, மூன்றாவதில் நாலு விரல்கடைத் தண்ணீர். பாதையில் எங்கும் தேக்கம் இல்லை. இதே இடத்தில் முதல் பெருமழைக்கு 14 கற்கள் பெயர்ந்து பாதையில் கிடந்ததைப் பார்த்தவன் நான். அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதத் தோன்றியது.

இடம் சின்னது. ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் ஓடையின் கரையோரமாகப் போகும் மண்பாதை. நடுவில் 7.2 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளத்தில் ஒரு துண்டு நிலம். இடிந்த சுவர், உடைந்த ஓடு, யாரோ கொட்டிய மண் என்று கிடந்தது. பத்து வருஷமாக அந்தச் சாலையில் போகிறவர்களுக்குக்கூட அந்தப் பக்கம் ஓர் ஓடை ஓடுகிறது என்று தெரியாது. அனுமதி கிடைத்ததும் முதலில் செய்தது அளவெடுத்ததுதான். சாலை ஓரத்துக்கும் கரைப்பாதைக்கும் 62 சென்டிமீட்டர் இறக்கம். இந்த 62 என்ற எண்தான் கடைசிவரை எங்களை ஆட்டிவைத்தது.

முதல் வரைபடம் நான் போட்டதுதான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. மீன் வடிவத்தில் ஒரு வளைவு, கீழே அலை அலையாக நீல டைல்ஸ். எங்களில் ஒருவர் அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நீச்சல்குளத்துக்கு நல்லா இருக்கும்" என்றார். எங்கள் ஓடையில் நீலமே கிடையாது. பழுப்புத் தண்ணீர், சாம்பல் கல், ஓரத்தில் கோரை, அவ்வளவுதான். அந்தத் தாள் அன்றைக்கே குப்பைக்குப் போனது.

இரண்டாவது வரைபடத்தில் பாதையையே ஓடை மாதிரி நெளியவிட்டேன். 11 மீட்டருக்குள் மூன்று வளைவு. காகிதத்தில் அழகோ அழகு. நல்லவேளை, உடனே தோண்டவில்லை. சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டு, குப்பையை அள்ளி இடத்தைத் திறந்துவிட்டு, ஒரு வாரம் சும்மா விட்டோம். எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் கோட்டின்மேல் ஒரு காலடி இல்லை. மூன்று வளைவையும் குறுக்கே அறுத்துக்கொண்டு நேராக ஓர் ஒற்றையடித்தடம் விழுந்திருந்தது. ஒரு மூட்டைச் சுண்ணாம்போடு போனது நஷ்டம்.

ஏன் பாம்பு மாதிரி இருக்கிறது, ஓடை மாதிரி இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆற்று வளைவுகளுக்குக் கணக்கு உண்டு என்பது தெரிந்தது. லூனா லியோபோல்ட் என்ற நீரியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1950, 60களில் ஏராளமான ஆறுகளை அளந்திருக்கிறார்கள். ஒரு முழு நெளிவின் (இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு வளைவு) நீளம் ஆற்றின் அகலத்தைப்போலப் பத்திலிருந்து பதினான்கு மடங்கு வரை வரும். சின்ன ஓடையானாலும் பெரிய ஆறானாலும் ஏறக்குறைய இதேதான். எங்கள் பாதையின் அகலம் 1.8 மீட்டர். அப்படியானால் ஒரு முழு நெளிவுக்கு 18 மீட்டராவது வேண்டும். இருப்பதோ 11. ஆக, அரை நெளிவுக்குத்தான் இடம், ஒரே ஒரு வளைவு. அதில் மூன்றைத் திணித்தால் பாம்பாகாமல் என்ன ஆகும்?

அந்த ஒரு வளைவு இன்னொரு சிக்கலையும் சேர்த்துத் தீர்த்துவைத்தது. 11 மீட்டரில் 62 சென்டிமீட்டர் இறங்கினால் சரிவு 18க்கு 1 வருகிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காகப் பல நாடுகளில் இருக்கும் அணுகல் விதிகளில் 20க்கு 1 என்பதைவிடச் செங்குத்தாகப் போனால் அதைப் பாதையாகக் கணக்கில் எடுப்பதில்லை. அது சாய்தளம், அதற்கென்று தனி விதிகள் உண்டு. 20க்கு 1 வேண்டுமென்றால் 12.4 மீட்டர் நீளம் தேவை. நேராகப் போனால் அந்த நீளம் கிடைக்காது, வளைந்து போனால் கிடைக்கும். ஓடையும் வளைந்து வளைந்துதான் தன் இறக்கத்தை மெதுவாக்கிக்கொள்கிறது. அலங்காரம் என்று நினைத்து ஆரம்பித்த வளைவு, வேலை செய்யும் வளைவாக மாறியது.

வளைவை வரைந்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. லியோபோல்டும் லாங்பைன் என்ற இன்னொரு நீரியல் அறிஞரும் 1966இல் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். மெல்லிய எஃகுப் பட்டையை இரண்டு இடத்தில் பிடித்து உள்ளே தள்ளினால் அது தானாக எடுத்துக்கொள்ளும் வளைவும் ஆற்றின் வளைவும் ஒன்றுபோல இருக்கும். என்னிடம் ஓர் அடி ஸ்டீல் ஸ்கேல் இருந்தது. அதன் முழு நீளம், கோடு இல்லாத முனைகளையும் சேர்த்து, 31 சென்டிமீட்டர். 40க்கு 1 அளவில் அது சரியாக 12.4 மீட்டர்! ஒரு பலகையில் 27.5 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து (அதுதான் 11 மீட்டர்), ஸ்கேலை வளைத்து நடுவில் நுழைத்தேன். டக்கென்று ஒரு பக்கம் புடைத்து நின்றது. அடியில் இருந்த கட்டக் காகிதத்தில் பென்சிலால் ஓரம் பிடித்து வரைந்துகொண்டேன். நடுவில் புடைப்பு 6.4 சென்டிமீட்டர், தரையில் 2.56 மீட்டர். பாதை அகலத்தையும் சேர்த்தால் 4.36. மிச்சம் 2.84 மீட்டர் பள்ளத்துக்கும் செடிக்கும் தாராளம்.

தரையில் இறக்கும்போது நேராக ஒரு நூல் கட்டி, மீட்டருக்கு ஒரு முளை அடித்து, காகிதத்தில் இருந்த விலகலை 40ஆல் பெருக்கி அளந்து குறித்தோம். அதற்கு முன் மின்கம்பிக் குழாயை இணைத்து அப்படியே தரையில் வளைத்துப் பார்த்தோம், அது வேலைக்காகவில்லை. இணைப்பு வரும் இடமெல்லாம் விறைத்துக்கொண்டு நேராக நின்றது.

அடுத்தது கல். இங்கேயும் முதலில் கண்ணை நம்பினேன். "நம்ம ஓடையில எல்லாம் பெரிய உருண்டைக் கல்தான்" என்று எல்லோருமே சொன்னோம். சரி, எண்ணித்தான் பார்ப்போமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். இதற்கும் ஒரு பழைய முறை இருக்கிறது, 1954இல் வோல்மன் என்ற ஆற்று ஆய்வாளர் எழுதியது. ஓடைப் படுகையில் குறுக்கும் நெடுக்குமாக நடக்க வேண்டும். ஒவ்வோர் எட்டிலும் குனிந்து, கீழே பார்க்காமல், கால்விரல் நுனியில் விரல் படும் முதல் கல்லை எடுக்க வேண்டும். அதன் நீளத்தையும் விட்டு, தடிமனையும் விட்டு, நடு அளவை மட்டும் குறிக்க வேண்டும். நூறு கல். பார்க்காமல் எடுப்பதுதான் கஷ்டம். கை தானாகவே அழகான கல்லைத் தேடிப் போகிறது. கூட வந்த பையன் ஒருவன், "அண்ணா, நீங்க பாத்துட்டீங்க, அது செல்லாது" என்று நாலு தடவை திருப்பிப் போடவைத்தான்.

நூறையும் வரிசைப்படுத்தியபோது நடுவில் நின்றது 48 மில்லிமீட்டர். நாங்கள் வாயால் சொன்னது 100. இருந்ததிலேயே பெரியது 210. ஆறில் ஒரு பங்கு 20 மில்லிமீட்டருக்கும் கீழே, பொடிசு. பெரிய கல் கண்ணை இழுக்கிறது, பொடிக்கல் அதன் இடுக்கில் ஒளிந்துகொள்கிறது. முன்பே கல்லுக்குச் சொல்லியிருந்தால் பூங்கா முகப்பில் உருட்டிவிட்ட கோளங்கள் மாதிரி வந்து நின்றிருக்கும். எடுத்த கற்களை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டோம். ஓடையிலிருந்து ஒரு கல்லையும் கொண்டுவருவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு. படுகையைப் பிடித்துவைத்திருப்பதே அந்தக் கல்தான், அதன் அடியில்தான் பூச்சிப் புழுவெல்லாம் குடியிருக்கிறது. சலித்துத் தரம் பிரித்த கல்லை வெளியில் வாங்கினோம்: 20–40, 40–75, 75–150 மில்லிமீட்டர், தனியாகச் சில குண்டுக்கல்.

பாதைக்கு 20 சென்டிமீட்டர் தோண்டினோம். அடியில் மண்ணும் ஜல்லியும் கலக்காமல் தடுக்கும் ஜியோ துணி, அதன்மேல் ஜல்லி 15 சென்டிமீட்டர், இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் பிளேட் காம்பாக்டரால் (தட்டை அதிரவைத்து இறுக்கும் இயந்திரம்) இடித்தோம். ஒரே அடுக்காகப் போட்டால் மேலே மட்டும்தான் இறுகும், அடி பொலபொலவென்று இருக்கும். ஜல்லிக் கணக்கில் ஒரு தப்பு செய்தேன். 12.4 × 1.8 × 0.15, வருவது 3.35 கன மீட்டர். அவ்வளவே சொல்லிவிட்டேன். இடித்தால் அமுங்கும் என்பது தலையில் ஏறவில்லை. கடைசி இரண்டரை மீட்டருக்கு ஜல்லியே இல்லை. கால் பங்கு கூடுதலாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கொஞ்சத்துக்கு இன்னொரு வண்டி வாடகை தண்டம்.

மேல்பரப்பில்தான் அடுத்த சறுக்கல். ஓடை மாதிரி இருக்கட்டும் என்று 10, 12 மில்லிமீட்டர் உருண்டைக் கூழாங்கல்லைப் பரப்பினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா, நாலடி தள்ளிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். முன்சக்கரம் கல்லில் புதைந்துவிட்டது. உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காது, எவ்வளவு இடித்தாலும் கோலிக்குண்டு மாதிரி நழுவும். உடைத்த கல்லுக்கு மூலை இருக்கிறது, பொடியோடு சேர்ந்து இடித்தால் கவ்விக்கொள்ளும். கூழாங்கல் முழுவதையும் வாரி எடுத்துவிட்டு, கிரஷர் பொடி கலந்த பொடிஜல்லியை 5 சென்டிமீட்டர் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்தோம். வாரிய கூழாங்கல் வீணாகவில்லை, பள்ளத்துக்குப் போனது.

பக்கவாட்டுச் சரிவு நூற்றுக்கு இரண்டு. 1.8 மீட்டருக்கு 36 மில்லிமீட்டர். இதை ஒவ்வோர் இடத்திலும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. 1.8 மீட்டர் பலகை ஒன்றின் ஒரு முனையில் 36 மில்லிமீட்டர் கட்டை ஒன்றை ஆணியடித்தோம். பலகையைக் குறுக்கே வைத்து மேலே ரசமட்டம் வைத்தால், குமிழ் நடுவில் நின்றால் சரிவு சரி. இந்த வேலையிலேயே அதிகம் உழைத்த கருவி அந்தப் பலகைதான்.

இனி பள்ளம். சாலையில் விழும் மழை முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் குட்டையாக நிற்கும். சாலையோரக் கட்டில் 40 சென்டிமீட்டர் திறப்பு விட்டு, அந்தத் தண்ணீரை வளைவின் வெளிப்பக்கமாக 60 சென்டிமீட்டர் அகலப் பள்ளத்தில் இறக்கி, ஓடைவரை கொண்டுபோவது திட்டம். மழை இல்லாத நாளில் அது காய்ந்த குட்டி ஓடை, மழையில் நிஜ ஓடை. ஓடைகளில் ஆழமான மடுவும் ஆழமில்லாத சலசலப்பும் மாறி மாறி வரும். ஒரு மடுவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அகலத்தைப்போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு. ஆறு மடங்கு என்று வைத்தால் எங்களுக்கு 3.6 மீட்டர். சாலையிலிருந்து 2.4, 6, 9.6 மீட்டரில் மூன்று குழி.

கல் பதிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். தட்டைக் கல்லாகப் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல் செதில் செதிலாக, இரண்டு நாள் முதுகு ஒடிய வைத்தேன். மூன்றாம் நாள் காலை கொத்தனார் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். சாலைப் பக்கம் நின்று பார்த்தார், கீழே போய் நின்று பார்த்தார். அப்புறம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "தம்பி, கல்லு பூரா திரும்பிப் படுத்திருக்கே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எப்படிண்ணே?"

"ஓடையில போய்ப் பாரு. கல்லு தண்ணிக்கு முதுகைக் காட்டிச் சாஞ்சிருக்கும். நீ வாயைக் காட்டி வச்சிருக்க."

நான் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு நாள் வேலையைப் பிரிக்க மனசு வரவில்லை, தாங்கும் என்று சொல்லிவிட்டேன். நாலாம் நாள் மழை பதில் சொன்னது. 14 கல், சில பாதைக்கு நடுவில்.

அதற்குப் பிறகுதான் ஓடையில் இறங்கிக் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. தட்டைக் கற்கள் அலமாரியில் சாய்ந்த புத்தகங்கள் மாதிரி ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. தண்ணீர் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்து மண்ணுக்குள், போகும் பக்கத்து விளிம்பு உயர்ந்து, அடுத்த கல்லின்மேல் சாய்ந்து. வெள்ளம் வந்தால் சரிவான முதுகில் ஏறி ஓடும், ஓடும்போதே கல்லைக் கீழே அழுத்தும். நான் வைத்தது நேர்எதிர். தூக்கிய விளிம்பு தண்ணீரைப் பார்த்து நின்றது. தண்ணீர் அதற்கு அடியில் விரலை விட்டு நெம்புகிற மாதிரி நெம்பிவிட்டது. மொத்தத்தையும் பிரித்து, இந்த முறை கொத்தனார் கையால், கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி வைத்தோம். கீழேயிருந்து ஆரம்பித்தால்தான் ஒவ்வொரு கல்லுக்கும் சாய ஓர் ஆள் இருக்கும். இடுக்குகளில் அந்தப் பழைய கூழாங்கல்லைக் கொட்டி, கடப்பாரை நுனியால் குத்தி இறுக்கினோம். சிமெண்டு தேவைப்படவில்லை.

குழிகளில் மட்டும் சிமெண்டு போட்டிருந்தேன், அடியில் ஒரு பூச்சு. மடு என்றால் தண்ணீர் நிற்க வேண்டும், சிட்டுக்குருவி குளிக்க வேண்டும் என்று ஒரு கனவு. தண்ணீர் நின்றது, ஒன்பது நாள். ஆறாம் நாளே கையளவு தண்ணீரில் புழு நெளிய ஆரம்பித்தது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மழைநீர் மூன்று நாளுக்குள் வடிந்துவிட வேண்டும் என்று பொதுவாகச் சொல்வது இதற்காகத்தான். பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், திட்டக்கூட இல்லை, அது இன்னும் சங்கடம். அன்று மாலையே கடப்பாரையால் பூச்சை உடைத்து, 40 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி, ஒன்றரை அங்குல ஜல்லியால் நிரப்பி, மேலே கல்லை வைத்தோம். எட்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் முதல் இரண்டு குழியும் ஒரு ராத்திரிக்குள் வடிந்தன. மூன்றாவது களிமண், 30 மணிநேரம் எடுத்தது. சாலைக்குப் பக்கத்துக் குழியில் மண்ணும் பிளாஸ்டிக்கும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இதுவரை மூன்று முறை அள்ளியிருக்கிறோம். அது அங்கே தங்குவதால்தான் ஓடைக்குப் போகவில்லை, ஆகவே அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஓடைக்கு மாறாக ஓர் இடத்தில் போக வேண்டியிருந்தது. ஓடை வளைகிறபோது வெளிப்பக்கம் அரித்து ஆழமாகும், உள்பக்கம் பொடிமணலும் சரளையும் படிந்து மேடாகும். அதே மாதிரி உள்வளைவில் மெல்லிய சரளை பரப்பினேன். ஐந்தே நாளில் அதன் நடுவில் ஒரு தடம். குறுக்குவழிக்கு நானே கம்பளம் விரித்திருக்கிறேன். 45 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று குண்டுக்கல்லை அங்கே புதைத்து, நடுவில் கோரையை நெருக்கமாக நட்டோம். கல்லின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். இல்லாவிட்டால் கொண்டுவந்து இறக்கிய மாதிரியே நிற்கும். இப்போது அந்தக் கற்களில் ஆட்கள் உட்காருகிறார்கள், குறுக்கே போவது நின்றுவிட்டது.

சாலை முனையில் வண்டி நுழையாதிருக்க இரண்டு கல் தூண், இடையில் 1.5 மீட்டர். கார் போகாது, சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். பைக் போகும்தான். அதையும் தடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பைக்கைத் தடுக்கும் இடைவெளி எதுவானாலும் சக்கர நாற்காலியையும் தடுத்துவிடும் என்பதால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பெயர்ப்பலகைக்குக் கார்ட்டன் எஃகு, துரு ஏறி அதுவே தோலாக நின்றுவிடும் வகை. 6 மில்லிமீட்டர் தகடு, எழுத்தை வெட்டித் துளையாக்குவது. "ஓடை வழி" என்று வரைந்து அனுப்பினேன். வெட்டி வந்ததைப் பார்த்தால் ஓகாரத்தின் சுழியில் பெரிய ஓட்டை, இணைக்கொம்பில் இரண்டு ஓட்டை, ழகரத்தின் வயிறும் காணோம். சுழிக்குள் இருக்கும் தகடு எதோடும் ஒட்டியிருக்காது, வெட்டியதும் விழுந்துவிடும். வரைந்தவன் யோசிக்க வேண்டியது அது. வெட்டியவர்மேல் குற்றம் இல்லை. நம் எழுத்தில் எத்தனை சுழி என்று அன்றைக்குத்தான் எண்ணினேன். இரண்டாம் முறை ஒவ்வொரு சுழிக்கும் 8 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பாலம் விட்டு வரைந்தேன். முதல் தகடு இப்போது என் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது.

அந்தத் துரு நின்றுவிடும் என்பது உண்மைதான், நிற்பதற்குள் மாதக்கணக்கில் ஒழுகும். வெளிர்நிறக் கான்கிரீட் பீடத்தில் ஆரஞ்சுக் கோடுகள். ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைக் கையுறை போட்டுத் தேய்த்ததில் இரண்டாம் தடவை போனது. பிறகு தகட்டை 5 சென்டிமீட்டர் தூக்கிப் பொருத்தி, அடியில் 30 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கருங்கல் சரளை போட்டோம். ஒழுகுவது அதற்குள் விழுந்து மறைகிறது.

கீழ்முனையில் வெள்ள அளவைக் காட்டும் ஒரு தூண். இது கடைசியில் வந்த யோசனை, ஆனால் வாசலுக்கு உயிர் இதில்தான். ஓடைப் பாலத்தின் தூணில் பழைய வெள்ளத்தின் வண்டல் கோடு தெளிவாக இருக்கிறது. அந்த மட்டத்தை 64 மீட்டர் தள்ளி எங்கள் தூணுக்குக் கொண்டுவர வேண்டும். கையில் இருந்தது தண்ணீர் நிரப்பிய 15 மீட்டர் டியூப், அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஐந்து இடமாக மாற்றி மாற்றி மட்டம் கொண்டுவந்தோம். சரிபார்க்கத் திரும்பப் போனால் 30 மில்லிமீட்டர் வித்தியாசம். டியூபைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்திருந்தது. உதறி வெளியேற்றி மறுபடி எடுத்ததில் 9 மில்லிமீட்டர். அது போதும். கோடு விழுந்தது தரைக்கு 18 சென்டிமீட்டர் மேலே. தூணில் அந்த இடத்தில் ஒரு வெட்டுப் பள்ளம் மட்டும் போட்டோம், எழுத்து எதுவும் இல்லை. வருகிறவர்கள் அதில் விரலை வைத்து, தங்கள் காலைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மொத்தச் செலவை நூறு பங்காக்கினால் பாதையின் அடித்தளமும் மேல்பரப்பும் 34, கல்லும் அதன் வண்டி வாடகையும் 21, தகடும் தூண்களும் 19, கொத்தனார் கூலி 14. மிச்சம் 12 என் தப்புகளுக்கான தண்டம். அந்தப் பன்னிரண்டில் பெரும்பகுதி தகட்டுக்கும் கூழாங்கல்லுக்கும். எங்கள் ஆறு பேர் உழைப்பை இதில் சேர்க்கவில்லை. நாலு மாதம், வாரக்கடைசிகளில்.

அடுத்த முறை என்றால் சுண்ணாம்புக் கோட்டை ஒரு வாரத்துக்குப் பதில் மூன்று வாரம் விடுவேன். வார நாளில் நடக்கிறவர்கள் வேறு, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் வேறு. பள்ளத்தைப் பாதைக்கு முன்னாலேயே தோண்டி, ஒரு மழை பார்த்துவிட்டுத்தான் பாதையில் கைவைப்பேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பதை அதுவே காட்டியிருக்கும். கொத்தனாரை மூன்றாம் நாள் இல்லை, அளவெடுக்கும் அன்றே கூப்பிடுவேன். தகட்டு வரைபடத்தை முதலில் அட்டையில் கத்தியால் வெட்டிப் பார்ப்பேன். எந்தச் சுழி விழுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது குழி பாக்கி இருக்கிறது. மண் காய்ந்ததும் அதன் கீழ்விளிம்பில் இரண்டு கல்லை எடுத்துவிட்டு, உதட்டை 4 சென்டிமீட்டர் தாழ்த்தலாம் என்று கொத்தனார் சொல்கிறார். வலமிருந்து மூன்றாவதையும் நாலாவதையும் எடுக்க வேண்டும், இரண்டிலும் இன்று காலை சாக்பீஸால் குறி போட்டுவிட்டு வந்தேன்.